சி++ உள்ளே, பைதான் வெளியே: ஒரே லைப்ரரிக்கு எந்த ஆவணக் கருவி?

#1 அரைப்புள்ளி

வணக்கம். சின்னக் குழுவாக ஒரு லைப்ரரியைப் பராமரிக்கிறோம். கணக்கு வேலையெல்லாம் சி++17இல் நடக்கிறது. அதற்கு மேல், சி++ நிரலைப் பைதானிலிருந்து கூப்பிட வைக்கும் பைபைண்ட்11 வைத்து ஒரு பைதான் மேலுறை. வருகிறவர்களில் பெரும்பாலோர் பைதான் வழியாகத்தான் வருகிறார்கள். சி++ ஹெடர்களை நேராக எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு, ஆனால் கேள்வி கேட்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

இப்போது சி++ பக்கத்துக்கு, நிரலில் உள்ள கமென்டுகளிலிருந்து ஆவணம் கட்டும் டாக்சிஜன் ஓடுகிறது. எச்டிஎம்எல் வருகிறது, யாரும் திறப்பதில்லை. பைதான் பக்கத்துக்கு ஒரு விக்கி. போன வெளியீட்டில் பெயர் மாறிய ஃபங்ஷன்கள் அதில் இன்னும் பழைய பெயரோடுதான் உட்கார்ந்திருக்கின்றன.

டாக்சிஜனையே நீட்டிப்பதா, ஸ்பிங்க்ஸுக்குப் போவதா, எம்கேடாக்ஸா? அப்புறம், எழுதும் வடிவம் ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட்டா, மார்க்டவுனா? குழுவில் இரண்டுக்கும் கொடி பிடிக்க ஆள் இருக்கிறது. "உங்கள் தேவையைப் பொறுத்தது" என்ற பதிலைத் தவிர மற்ற எதுவும் சரி.

#2 பழையபாணி

டாக்சிஜனை யாரும் திறப்பதில்லை என்றால் முதலில் அதன் அமைப்புக் கோப்பான டாக்சிஃபைலைத் திறந்து பாருங்கள். 1997இல் டிமிட்ரி வான் ஹீஷ் வெளியிட்ட கருவி. டெம்ப்ளேட், நேம்ஸ்பேஸ், ஓவர்லோட் (ஒரே பெயரில் பல ஃபங்ஷன்) என்று சி++ எதைக் கொண்டுவந்து கொட்டினாலும் சலிக்காமல் படித்துக்கொண்டிருக்கிறது.

எக்ஸ்ட்ராக்ட்_ஆல் என்ற அமைப்பு உங்களிடம் 'யெஸ்' என்று இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். அதைப் போட்டால் கமென்ட் எழுதாத உறுப்புகளும் பக்கத்தில் வந்துவிடும், பார்க்க நிறைவாக இருக்கும். கூடவே "இதற்கு ஆவணம் இல்லை" என்ற எச்சரிக்கையும் சத்தமில்லாமல் அணைந்துவிடும். அதாவது வெறும் பெயர்ப் பட்டியலை ஆவணம் என்று வெளியிடுகிறீர்கள், கருவியும் எல்லாம் சரி என்று தலையாட்டுகிறது.

'நோ' ஆக்குங்கள். வார்ன்_ஆஸ்_எரர் என்பதில் ஃபெயில்_ஆன்_வார்னிங்ஸ் மதிப்பைக் கொடுங்கள். வெறும் 'யெஸ்' கொடுத்தால் முதல் எச்சரிக்கையிலேயே நின்றுவிடும். இது முழுவதும் ஓடி, எல்லா எச்சரிக்கைகளையும் காட்டிவிட்டு, கடைசியில் பில்டைத் தோற்கடிக்கும். மேக்ரோ நிறைய இருந்தால் ப்ரீடிஃபைண்ட் பட்டியலில் அவற்றின் விரிவைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஃபங்ஷன் தலைப்பையே தப்பாகப் படிக்கும்.

எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிடுகிறது என்று கிராஃப்விஸ் வரையும் கால் கிராஃப்களை அணைத்துவிடலாம். பில்ட் நேரத்தைத் தின்பதைத் தவிர அவற்றால் யாருக்கும் பயனில்லை.

#3 கட்டெறும்பு

பழையபாணி ஐயா சொன்ன எக்ஸ்ட்ராக்ட்_ஆல் விஷயம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் பெரும்பாலோர் பைதான் வழியாக வருகிறார்கள் என்று இழையைத் தொடங்கியவரே சொல்லியிருக்கிறார். டாக்சிஜனும் பைதானைப் படிக்கும்தான். பைபைண்ட்11 மேலுறையில்தான் படிக்க பைதான் கோப்பே கிடையாதே. எல்லாம் சி++ பைண்டிங் கோட், அதாவது இரண்டு மொழியையும் இணைக்கும் நிரல்.

என் யோசனை ஸ்பிங்க்ஸ். 2008இல் கேயார்க் பிராண்டல் பைதானின் சொந்த ஆவணங்களுக்காக எழுதியது. டாக்சிஜனைத் தூக்கி எறிய வேண்டாம். அதன் எச்டிஎம்எல்லை அணைத்து எக்ஸ்எம்எல்லை மட்டும் எடுங்கள். ப்ரீத் என்ற நீட்சி அந்த எக்ஸ்எம்எல்லைப் படித்து ஸ்பிங்க்ஸ் பக்கங்களுக்குள் சி++ வகுப்புகளைக் கொண்டுவந்து வைக்கும். பைதான் பக்கத்துக்கு, டாக்ஸ்ட்ரிங்கை (ஃபங்ஷனோடு சேர்ந்தே இருக்கும் விளக்கம்) எடுத்துப் பக்கமாக்கும் ஆட்டோடாக் நீட்சி போதும். இரண்டும் ஒரே தளத்தில், ஒரே தேடலில் கிடைக்கும். பைதான் ஃபங்ஷனின் பக்கத்திலிருந்து சி++ ஃபங்ஷனுக்கு லிங்க் கொடுக்கலாம்.

இன்டர்ஸ்பிங்க்ஸ் இன்னொரு காரணம். ஒவ்வொரு ஸ்பிங்க்ஸ் தளமும் தன்னிடம் உள்ள பெயர்களின் பட்டியலை ஒரு கோப்பாக வெளியிடுகிறது. நீங்கள் நம்பை என்ற பைதான் எண் கணக்கு லைப்ரரியின் அரே வகையைக் குறிப்பிட்டால் அது நேராக நம்பையின் பக்கத்துக்கே லிங்க் ஆகும். யாரும் முகவரி தேடி ஒட்ட வேண்டியதில்லை.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆட்டோடாக் உங்கள் மாட்யூலை உண்மையிலேயே இம்போர்ட் செய்யும். ஆகவே ஆவணம் கட்டும் இயந்திரத்தில் லைப்ரரி கம்பைல் ஆகியிருக்க வேண்டும். சில மாட்யூல்களைப் போலியாக வைத்து ஒப்பேற்றும் வசதி உண்டு. ஆனால் உங்கள் டாக்ஸ்ட்ரிங்கெல்லாம் கம்பைல் ஆன கோப்புக்குள்ளே இருக்கிறது. அதையே போலியாக்கினால் ஆவணத்தில் மிஞ்சுவது என்ன?

#4 மழைக்காகம்

ஸ்பிங்க்ஸ் என்றாலே ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் வந்துவிடும். புதிதாகச் சேருகிற ஒருவரிடம் "தலைப்புக்குக் கீழே அதே நீளத்துக்குக் கோடு போடு, நிரல் பெயருக்கு ஒரு பேக்டிக் போதாது இரண்டு போடு, லிங்குக்குக் கடைசியில் ஒரு அடிக்கோடு வை" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த முறை எழுத்துப்பிழை கண்டாலும் திருத்தாமல் போய்விடுவார்.

எம்கேடாக்ஸ் எடுங்கள். முழுக்க மார்க்டவுன், அமைப்புக்கு ஒரே ஒரு யாமல் கோப்பு. பைதான் குறிப்பேட்டுக்கு, அதாவது ஃபங்ஷன் வாரியான ரெஃபரன்ஸுக்கு, எம்கேடாக்ஸ்ட்ரிங்ஸ் நீட்சி. அதன் அடியில் இருக்கும் கிரிஃப், மாட்யூலை ஓட்டாமல் மூல நிரலை மட்டும் படித்தே வேலையை முடிக்கும். இம்போர்ட் தலைவலி கிடையாது.

#5 கட்டெறும்பு

> இம்போர்ட் தலைவலி கிடையாது.

மூல நிரல் பைதானாக இருந்தால். இங்கே இருப்பது கம்பைல் ஆன மாட்யூல். கிரிஃபும் அப்போது இம்போர்ட் செய்து பார்க்கும் வழிக்குத்தான் திரும்பும். இல்லையென்றால் தனியாக ஸ்டப் கோப்புகள் (பெயரும் வகையும் மட்டும் உள்ளவை) தயாரித்துக் கொடுக்க வேண்டும். அதற்கும் கருவி இருக்கிறது, ஆனால் ஸ்டப் தயாரிக்கிற கருவியும் மாட்யூலை இம்போர்ட் செய்துதான் பார்க்கிறது. சுற்றி வந்து அதே இடம்.

#6 பழையபாணி

மழைக்காகம், ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் கண்ணுக்கு அழகில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். 2002இல் பெப் 287 என்ற பைதான் முன்மொழிவு டாக்ஸ்ட்ரிங்குக்கு அதைப் பரிந்துரைத்தபோது மார்க்டவுனே பிறக்கவில்லை. ஜான் குரூபர் அதை வெளியிட்டது 2004இல், வலைப்பதிவு எழுதுவதற்காக. அதன் இலக்கணத்தை ஒழுங்காக வரையறுக்க 2014இல் காமன்மார்க் வர வேண்டியிருந்தது. அதிலும் "இது ஒரு ஃபங்ஷனின் பெயர், இதன் பக்கத்துக்கு லிங்க் கொடு, அப்படி ஒரு ஃபங்ஷன் இல்லாவிட்டால் கத்து" என்று சொல்ல வழி கிடையாது. ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட்டில் ரோல் என்று ஒன்று அதற்காகவே இருக்கிறது. மார்க்டவுன் கருவிகள் ஆளுக்கொரு நீட்சி வைத்துக்கொண்டு, ஒன்றில் எழுதியது இன்னொன்றில் ஓடாமல் நிற்கிறது.

#7 தூக்கணாங்குருவி

ரஸ்ட் பக்கத்திலிருந்து எட்டிப் பார்க்கிறேன், சண்டையைப் பெரிதாக்க வரவில்லை. அங்கே ஆவணக் கருவியான ரஸ்ட்டாக் முழுக்க மார்க்டவுன்தான். சதுர அடைப்புக்குள் ஒரு வகையின் பெயரை எழுதினால் போதும், கருவியே அது எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்து லிங்க் செய்யும். 2020 நவம்பரில் 1.48 பதிப்பில் இது நிலைபெற்றது. பெயர் தப்பாக இருந்தால் எச்சரிக்கை வரும், வேண்டுமென்றால் அதைப் பிழையாகவே ஆக்கலாம். எனவே மார்க்டவுனில் முடியாது என்பதில்லை. மொழியின் பெயர்களை அறிந்த ஒரு கருவி அதன் பின்னால் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது வேறு. `///` போட்டு எழுதும் கமென்டுக்குள் உதாரண நிரல் வைத்தால், கார்கோ டெஸ்ட் ஓட்டும்போது அதுவும் கம்பைல் ஆகி ஓடும். ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றிவிட்டு உதாரணத்தை மறந்தால் டெஸ்ட் சிவப்பாகும். விக்கியில் பழைய பெயர் உட்கார்ந்திருக்கிறது என்றீர்களே, அந்த நிலைமை இங்கே வரவே வராது. வாசகருக்குத் தேவையில்லாத முன்னேற்பாட்டு வரிகளுக்கு முன்னால் `#` போட்டால் அவை ஓடும், பக்கத்தில் தெரியாது. "இந்த நிரல் கம்பைல் ஆகக் கூடாது" என்றுகூட ஒரு குறி உண்டு. அப்படிக் குறித்த உதாரணம் என்றைக்காவது கம்பைல் ஆகிவிட்டால் டெஸ்ட் தோற்கும்.

இதற்கு விலையும் இருந்தது. ஒவ்வொரு உதாரணமும் தனித்தனி நிரலாகக் கம்பைல் ஆனதால் பெரிய லைப்ரரிகளில் நேரம் இழுத்தது. 2024 எடிஷனில் முடிந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கம்பைல் செய்கிறார்கள்.

கோ மொழியிலும் இதே எண்ணம்தான், வழி வேறு. டெஸ்ட் கோப்பில் எக்ஸாம்பிள் என்று தொடங்கும் ஃபங்ஷன் எழுதி, கடைசியில் கமென்டாக எதிர்பார்க்கும் வெளியீட்டைப் போட்டால், ஓட்டி ஒப்பிடும். அதுவே ஆவணப் பக்கத்தில் உதாரணமாகவும் வரும். வெளியீட்டுக் கமென்ட் இல்லாவிட்டால் கம்பைல் மட்டும் செய்யும், ஓட்டாது. பலருக்கு இது தெரியாமல், எல்லாம் ஓடுகிறது என்று நம்பிக்கொண்டிருப்பார்கள்.

கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, உதாரணத்தை இது ஓட்டிப் பார்க்குமா என்பதுதான். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

#8 அரைப்புள்ளி

எல்லோருக்கும் நன்றி. எக்ஸ்ட்ராக்ட்_ஆல் 'யெஸ்' என்றுதான் இருந்தது, பந்தயத்தில் பழையபாணி ஜெயித்தார். 'நோ' ஆக்கி ஓட்டினால் திரை நிரம்ப எச்சரிக்கை.

தூக்கணாங்குருவி சொன்னது பிடித்திருக்கிறது. டாக்ஸ்ட்ரிங்கில் உள்ள உதாரணத்தை ஓட்டிப் பார்க்கும் டாக்டெஸ்ட் பைதானில் உண்டு என்று தெரியும். கம்பைல் ஆன மாட்யூலுக்கு எப்படி?

#9 கட்டெறும்பு

டாக்டெஸ்ட் 2001இல் பைதான் 2.1இலேயே வந்துவிட்டது. தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன உதாரணம். பைதான் 3இல் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம் என்பதால் அப்படியே எழுதுகிறேன். ஃபங்ஷன் விளக்கத்தில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

காற்புள்ளியில் உரையைப் பிரித்துப் பட்டியலாகத் தரும். வெற்றுத் துண்டுகள் விடப்படும்.

`>>> பிரி("அ,ஆ,,இ")`
`['அ', 'ஆ', 'இ']`

ஓட்டினால் கிடைப்பது `['அ', 'ஆ', '', 'இ']`. வெற்றுத் துண்டு விடப்படவில்லை. மேலே இருக்கும் வாக்கியம் பொய் என்று எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது. கீழே இருக்கும் இரண்டு வரி பொய் என்று உடனே தெரிந்துவிடும். எனவே விளக்கத்தில் எது சண்டைக்குரிய இடமோ, அதையே உதாரணமாக வையுங்கள். எல்லாம் சுமுகமாகப் போகும் உதாரணத்தை ஓட்டி என்ன ஆகப்போகிறது?

கம்பைல் ஆன மாட்யூலுக்கு: பைதான் டெஸ்ட் கருவியான பைடெஸ்ட்டின் டாக்டெஸ்ட் வசதி பைதான் கோப்புகளைத் தேடித்தான் போகும், உங்கள் டாக்ஸ்ட்ரிங் அதன் கண்ணில் படாது. ஸ்பிங்க்ஸின் டாக்டெஸ்ட் நீட்சியைப் போடுங்கள். ஆட்டோடாக் டாக்ஸ்ட்ரிங்கைப் பக்கத்துக்குள் இழுத்த பிறகு அது வேலை செய்வதால், மூலம் சி++ஆ பைதானா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. `>>>` எங்கே கண்டாலும் ஓட்டும்.

#10 முன்றில்

எல்லோரும் டாக்டெஸ்ட்டைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறீர்கள். எண் கணக்கு லைப்ரரி என்கிறார், அதையும் பாருங்கள். டாக்டெஸ்ட் ஒப்பிடுவது அச்சான எழுத்தை, மதிப்பை அல்ல. 2018இல் நம்பை 1.14 அரேக்களை அச்சிடும் விதத்தை மாற்றியது. விடைகள் அப்படியே இருக்க, இடைவெளி மாறியதால் டாக்டெஸ்ட்கள் விழுந்தன. 2024 ஜூனில் நம்பை 2.0 வந்தது. அதுவரை 3.0 என்று அச்சான தனி எண், வகையின் பெயரையும் சேர்த்துக்கொண்டு அடைப்புக்குறிக்குள் வர ஆரம்பித்தது. மறுபடியும் அதே கதை. இரண்டு நம்பை பதிப்புகளையும் ஆதரிக்கும் லைப்ரரி எதை எழுதி வைக்கும்?

அப்புறம் இன்னொன்று. டெஸ்ட்டை நினைத்து எழுதும் உதாரணம் மெல்ல மெல்ல டெஸ்ட்டாகவே மாறிவிடும். விளிம்பு நிலை (அரிதான, எல்லையோர உள்ளீடு) ஏழெட்டு வரிசையாக வந்துவிடும். படிக்க வந்தவர் முதல் வரியில் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தேடிக்கொண்டிருப்பார்.

#11 தூக்கணாங்குருவி

இரண்டாவது நியாயமான புகார். முதலில் சொன்ன அச்சுத் தொல்லை ரஸ்ட்டில் அவ்வளவு இல்லை, ஏனென்றால் அங்கே அச்சை ஒப்பிடுவதில்லை, அசெர்ட் போட்டு மதிப்பை ஒப்பிடுகிறோம். பைதானிலும் அப்படி எழுதத் தடையில்லை. தசம எண் வரும் இடத்தில் நெருக்கமா என்று கேட்டு 'ட்ரூ' வாங்குங்கள், அல்லது ரவுண்ட் செய்து சாதாரண எண்ணாக மாற்றி அச்சிடுங்கள். முகவரி மாதிரி ஒவ்வொரு முறையும் மாறுவதற்கு எலிப்சிஸ் குறி இருக்கிறது, மூன்று புள்ளி வைத்தால் அங்கே எது வந்தாலும் ஏற்கும்.

விளிம்பு நிலைகளுக்கு வழக்கமான டெஸ்ட் கோப்பு இருக்கிறதே. ஒரு ஃபங்ஷனுக்கு ஒரு உதாரணம், அதிகம் போனால் இரண்டு என்று குழுவில் பேசி வைத்துக்கொண்டால் போயிற்று.

#12 மூன்றாம்பிறை

ஜாவாக்காரி. பழைய கதை ஒன்று இங்கே பொருந்தும்.

ஜாவாடாக் ஆரம்பத்திலிருந்தே ஜாவாவோடு வந்தது. `/**` கமென்டுக்குள் எச்டிஎம்எல் எழுதுவோம். பல ஆண்டுகள் அந்த எச்டிஎம்எல்லை யாரும் சரிபார்த்ததில்லை. 2014இல் ஜாவா 8 வந்தபோது டாக்லின்ட் என்ற சரிபார்ப்பைத் தானாகவே ஓடும்படி வைத்துவிட்டார்கள். கமென்டில் தனியாக ஒரு `<` இருந்தால் பிழை, தனியாக ஒரு `&` இருந்தால் பிழை, தன்னைத்தானே மூடிக்கொள்ளும் பத்திக் குறி இருந்தால் பிழை. நேற்றுவரை ஓடிய பில்ட்கள் ஆவணம் கட்டும் இடத்தில் நின்றன. என்ன நடந்தது? ஆயிரக்கணக்கான கமென்டுகளை யார் திருத்துவார்கள்? சரிபார்ப்பை ஒட்டுமொத்தமாக அணைக்கும் ஒரு வரி பில்ட் கோப்புகளில் ஏறியது. அது இன்றுவரை பல இடங்களில் அப்படியே இருக்கிறது.

அரைப்புள்ளி, உங்கள் திரையில் நிரம்பிய எச்சரிக்கைகளைப் பார்த்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது. எல்லாவற்றையும் இன்றைக்கே பிழையாக்காதீர்கள். ஒரு கோப்புறையை முழுதாகச் சுத்தம் செய்து அதற்கு மட்டும் கண்டிப்பைப் போடுங்கள், அடுத்து இன்னொன்று. புதிதாக வரும் ஹெடர்களுக்கு முதல் நாளிலிருந்தே கண்டிப்பு. எச்சரிக்கை எண்ணிக்கை ஏறக் கூடாது, இறங்கலாம் என்று சிஐயில் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாக ஓடும் பில்ட்) ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட்டாலும் சரி.

மார்க்டவுன் சண்டைக்கு ஒரு உபரிச் செய்தி: 2024 செப்டம்பரில் வந்த ஜாவா 23இல் `///` போட்டு மார்க்டவுனிலேயே கமென்ட் எழுதலாம். அதற்கு முன் 2022இல் ஜாவா 18இல் ஸ்னிப்பெட் டேக் வந்தது. உதாரண நிரலைத் தனிக் கோப்பில் வைத்து அதிலிருந்து ஒரு பகுதியை மட்டும் ஆவணத்துக்குள் இழுக்கலாம். அந்தக் கோப்பை வழக்கமான டெஸ்ட்டாகக் கம்பைல் செய்து ஓட்டலாம். சி++ உதாரணங்களுக்கும் இதுதான் நல்ல வழி. டாக்சிஜனில் ஸ்னிப்பெட் கட்டளை உண்டு. உதாரணக் கோப்பில் இரண்டு இடத்தில் குறி வைத்தால் இடையில் உள்ளதை மட்டும் எடுத்துக்கொள்ளும். சி++க்கு டாக்டெஸ்ட் இல்லையே என்று ஏங்க வேண்டாம்.

#13 பழையபாணி

மூன்றாம்பிறை அக்கா சொன்ன ஸ்னிப்பெட் கட்டளையை நானே சொல்லியிருக்க வேண்டும். கமென்டுக்குள் ஒட்டிய சி++ நிரலைவிட அது எவ்வளவோ மேல்.

#14 வாசற்படி

நான் லைப்ரரி எழுதுகிறவன் இல்லை, பயன்படுத்துகிறவன். எங்கள் தரப்பையும் கொஞ்சம் கேளுங்கள்.

அகலத்தைத் தரும் ஒரு ஃபங்ஷன். ஆவணம்: "அகலத்தைத் தருகிறது." கீழே, திருப்பித் தரும் மதிப்பு: "அகலம்." இதற்கு டாக்சிஜன் எச்சரிக்காது, ஸ்பிங்க்ஸ் எச்சரிக்காது, உங்கள் கண்டிப்பான சிஐ பச்சை விளக்குக் காட்டும். ஆவணமிட்ட ஃபங்ஷன்கள் நூறு சதவீதம் என்று முகப்பில் பேட்ஜ் வேறு தொங்கும்.

அகலம் பிக்சலிலா, புள்ளியிலா? ஓரக்கோட்டைச் சேர்த்தா, சேர்க்காமலா? இன்னும் வரையப்படாத பொருளுக்குக் கேட்டால் பூஜ்யமா, எக்செப்ஷனா? இரண்டு த்ரெட்டிலிருந்து கூப்பிடலாமா? பெயரிலிருந்தே தெரிவதை விட்டுவிட்டு, பெயரில் இல்லாததை எழுதுங்கள்.

சி++ என்றால் இன்னும் ஒரு கேள்வி: பாயின்டர் திரும்பி வருகிறது, அதை விடுவிப்பது யார் பொறுப்பு? இதைச் சொல்லாத ஆவணத்தைப் படித்துவிட்டு நான் மூல நிரலைத்தான் திறக்கிறேன். மேலுறை இருக்கும் லைப்ரரியில் இது இரட்டிப்புத் தொல்லை. பைதான் பக்கம் கையில் வாங்கிய பொருள் சி++ பொருளின் நகலா, அதற்குள்ளே நீட்டிய கையா? நான் மாற்றினால் அங்கே மாறுமா? தாய்ப் பொருள் அழிந்த பிறகு இதைத் தொடலாமா? பைண்டிங் எழுதியவர் ரிட்டர்ன் வேல்யூ பாலிசியில் இதை ஏற்கெனவே முடிவு செய்திருக்கிறார். அந்த முடிவை ஒரு வரியில் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

எந்தப் பதிப்பில் வந்தது, எந்தப் பதிப்பில் மாறியது என்பதும் வேண்டும். ஸ்பிங்க்ஸில் இதற்கென்றே வெர்ஷன்ஆடட், வெர்ஷன்சேஞ்ச்ட், டெப்ரிகேட்டட் என்று மூன்று குறிகள் உண்டு. பைதானின் சொந்த ஆவணத்தில் எல்லா இடத்திலும் பார்க்கலாம். பழைய பதிப்பிலேயே மாட்டிக்கொண்டிருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்று எழுதுகிறவர்களுக்குத் தெரியாது.

#15 முன்றில்

வாசற்படிக்கு என் ஓட்டு. ஒரே ஒரு சேர்க்கை: குறிப்பேடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை வைத்து யாரும் லைப்ரரியைக் கற்றுக்கொள்ள முடியாது. டேனியலே ப்ரோசிடா டயடாக்சிஸ் என்று ஒரு பகுப்பு வைத்திருக்கிறார்: பயிற்சி, செய்முறை, குறிப்பேடு, விளக்கம். நாலையும் ஒரே பக்கத்தில் குழப்பாதே என்பதுதான் சாரம். தானியங்கிக் கருவிகள் கட்டித் தருவது குறிப்பேட்டை மட்டும். மற்ற மூன்றையும் உட்கார்ந்துதான் எழுத வேண்டும்.

#16 மழைக்காகம்

இப்போது ஏஐ மொழி மாதிரியிடம் கோப்பைக் கொடுத்தால் எல்லா ஃபங்ஷனுக்கும் டாக்ஸ்ட்ரிங் எழுதித் தந்துவிடுகிறதே? அரைப்புள்ளியின் திரை நிரம்பிய எச்சரிக்கை ஒரே மதியத்தில் காலியாகிவிடும்.

#17 வாசற்படி

காலியாகும். "அகலத்தைத் தருகிறது" என்பதை இன்னும் அழகான மூன்று வாக்கியங்களில் எழுதித் தரும். பிக்சலா புள்ளியா என்பது நிரலில் எங்காவது இருந்தால் கண்டுபிடிக்கலாம், மறுக்கவில்லை. எழுதியவர் மனதில் மட்டும் இருந்தால்? அங்கேதான் அது ஊகித்து, நிச்சயமான தொனியில் சொல்லிவிடும். எச்சரிக்கை இருந்தவரை அந்த இடம் காலி என்றாவது தெரிந்தது.

#18 மூன்றாம்பிறை

உதாரணம் எழுத வையுங்கள், ஓட்டிப் பார்த்தால் பொய் வெளுத்துவிடும். விளக்க வாக்கியத்தை மட்டும் மனிதர் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். இந்தப் பேச்சு நீண்டால் இழை திசைமாறிவிடும், தனி இழையில் வைத்துக்கொள்ளலாம்.

#19 கட்டெறும்பு

டாக்ஸ்ட்ரிங் பாணி பற்றி யாரும் தொடவில்லை. கூகுள் பாணி, நம்பை பாணி, வெறும் ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் புலங்கள் என்று மூன்று புழக்கத்தில் உண்டு. ஸ்பிங்க்ஸின் நெப்போலியன் நீட்சி முதல் இரண்டையும் படிக்கும். எண் கணக்கு லைப்ரரி என்பதால் நம்பை பாணி உங்கள் ஆட்களுக்குப் பழகியிருக்கும், அதையே எடுங்கள். டெர்மினலில் ஹெல்ப் போட்டால் டாக்ஸ்ட்ரிங் அப்படியே கச்சாவாகத்தான் வரும் என்பதையும் மறக்க வேண்டாம். ரோல்களும் பேக்டிக்குகளுமாக இருந்தால் அங்கே படிக்கவே முடியாது.

ஒரே விளக்கத்தை ஹெடரிலும் பைண்டிங்கிலும் இரண்டு முறை எழுதாதீர்கள். பைபைண்ட்11_எம்கேடாக் என்ற கருவி, சி++ஐப் படிக்கும் லிப்கிளாங் வைத்து ஹெடரில் உள்ள கமென்டுகளைப் படித்து, பைண்டிங் நிரலில் டாக்ஸ்ட்ரிங்காக வைக்கும்படி எடுத்துத் தரும். மூலம் ஒன்றே, போய்ச் சேரும் இடம் இரண்டு. பைதானுக்கு மட்டுமான உதாரணத்தைப் பைண்டிங்கில் பின்னால் ஒட்டிக்கொள்ளலாம்.

#20 அரைப்புள்ளி

ஒரு கிளையில் போட்டுப் பார்த்துவிட்டோம். விளக்கங்கள் ஹெடரில் டாக்சிஜன் கமென்டாக, அங்கிருந்து பைபைண்ட்11_எம்கேடாக் வழியாகப் பைதானுக்கு. தளம் ஸ்பிங்க்ஸ். பயிற்சி, செய்முறைப் பக்கங்களை மிஸ்ட் நீட்சி போட்டு மார்க்டவுனில் எழுதுகிறோம், கொடி பிடித்த இரு தரப்பும் அடங்கிவிட்டது. சி++ குறிப்பேட்டுக்கு ப்ரீத். `>>>` உதாரணங்கள் சிஐயில் ஓடுகின்றன, சி++ உதாரணங்கள் தனிக் கோப்பிலிருந்து ஸ்னிப்பெட்டாக வருகின்றன. கண்டிப்பு இப்போதைக்கு ஒரே ஒரு கோப்புறைக்கு மட்டும். விக்கியைப் பூட்டிவிட்டோம்.

மிச்சம் இரண்டு கேள்வி. ஒன்று, பைதான் பக்கத்தில் சில ஃபங்ஷன்களின் தலைப்பில் (பெயரும் அளபுருக்களும் வரும் முதல் வரி) பைதான் வகைக்குப் பதிலாக நேம்ஸ்பேஸோடு முழு சி++ பெயர் வருகிறது. எல்லாவற்றிலும் இல்லை, சிலவற்றில் மட்டும். இரண்டு, ஓவர்லோட் உள்ளவற்றில் தலைப்பு வெறும் நட்சத்திரங்களாக இருக்கிறது.

#21 கட்டெறும்பு

முதலாவது பைண்டிங் வரிசைப் பிரச்சினை. பைபைண்ட்11 ஒரு ஃபங்ஷனைப் பதிவு செய்யும் அந்த நொடியிலேயே தலைப்பு வரியை எழுதிவிடுகிறது. அந்த நேரத்தில் அதன் அளபுருவாக வரும் வகுப்பு இன்னும் பதிவாகவில்லை என்றால், அதற்குப் பைதான் பெயர் தெரியாது, சி++ பெயரையே போட்டுவிடும். பின்னால் வகுப்பைப் பதிவு செய்தாலும் எழுதியது மாறாது. மாட்யூல் தொடக்கத்தில் எல்லா வகுப்புகளையும் வெறுமனே அறிவித்துவிட்டு, மெத்தடுகளையும் ஃபங்ஷன்களையும் அதற்குப் பிறகு சேருங்கள். ஒன்றை ஒன்று குறிப்பிடும் வகுப்புகளுக்கு வேறு வழியும் இல்லை.

இரண்டாவது, ஓவர்லோட் இருந்தால் பைபைண்ட்11 முதல் வரியில் பொதுவான நட்சத்திரத் தலைப்பைப் போட்டு, உண்மையான தலைப்புகளைக் கீழே எண்ணிட்டு அடுக்கும். ஆட்டோடாக் முதல் வரியை எடுத்துக்கொள்கிறது. அந்த ஃபங்ஷன்களுக்கு மட்டும் பைண்டிங்கில் தானாகத் தலைப்பு எழுதுவதை அணைத்துவிட்டு, நீங்களே தலைப்பு வரிகளை டாக்ஸ்ட்ரிங்கின் மேலே எழுதுங்கள். ஒரு வரியின் கடைசியில் பின்சாய்கோடு போட்டு அடுத்த தலைப்பைத் தொடரலாம், ஸ்பிங்க்ஸ் 3.1 முதல் ஆட்டோடாக் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும்.

வரிசைப் பிரச்சினை திரும்ப வராமலிருக்க சிஐயில் ஒரு சோதனை: மாட்யூலை இம்போர்ட் செய்து, எல்லா டாக்ஸ்ட்ரிங்கிலும் தலைப்பு வரியில் `::` இருக்கிறதா என்று தேடுங்கள், இருந்தால் தோற்கடியுங்கள். தலைப்பு வரியில் மட்டும் தேட வேண்டும். உடலில் தேடினால் ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட்டின் நிரல் பத்திகளும் அதே `::` குறியோடுதான் தொடங்கும், வீணாகச் சிவப்பாகும்.